கூடம் கோணல்தானா? டெக்சஸில் ஒரு சேணப் பயணம்

வெள்ளி, ஃபோர்ட் வொர்த்

பள்ளிக்கு வசந்தகால விடுமுறை விட்டாயிற்று. தெரிந்தவர்களில் பாதிப் பேர் கடற்கரை தேடிப் போய்விட்டார்கள். நானும் மகளும் சேணம் தேடி மேற்கே கிளம்பியிருக்கிறோம். அவளுக்குப் பதினான்கு வயது. பரதநாட்டியம், வயலின், நீச்சல் என்று எதிலும் ஒட்டாதவள் குதிரையில் ஏறியதும் ஒட்டிக்கொண்டாள். அதுவும் சும்மா சவாரி இல்லை, பேரல் ரேசிங். மூன்று இரும்பு டிரம்களைச் சுற்றிக் குதிரையை விரட்டிவிட்டு, வந்த வாசலுக்கே திரும்பிப் பாயும் போட்டி.

நாங்கள் லீசுக்கு எடுத்திருக்கும் குதிரை செவலை நிறம். அதனால் வீட்டில் அவன் பெயரும் செவலை. போன மாதம் அவனை ஸ்டீபன்வில் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரிடம் விட்டோம். கொஞ்ச நாளில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. குதிரை நல்ல குதிரை, பெண்ணும் பரவாயில்லை, எனக்குச் சேணத்தின் மேல்தான் சந்தேகம், நேரில் வாருங்கள் என்றார். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் இவர் சொன்னது: “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” மகளுக்குப் பழமொழி புரியவில்லை. புரிய வைத்ததும் அப்பாவுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். நாட்டிய வகுப்பை விட்ட கதையையும் சேர்த்துக் குத்துகிறார் என்று அவளுக்குக் கோபம்.

போகிற வழியில் ஃபோர்ட் வொர்த்தில் ஓரிரவு. ஸ்டாக்யார்ட்ஸ் பகுதியில் இருக்கும் கௌடவுன் கொலீசியம் என்ற அரங்கம் 1908-இல் கட்டியது. ரோடியோ என்றால் குதிரையும் மாடும் வைத்து நடக்கும் கௌபாய் போட்டிகள். கூரைக்குக் கீழே நடந்த முதல் ரோடியோ 1918-இல் இங்கேதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வார இறுதிகளில் இப்போதும் ரோடியோ உண்டு. சுற்றுலாக் கூட்டம்தான் அதிகம், இருந்தாலும் ஓடுகிற குதிரைகள் நிஜமானவை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முழு அளவு மைதானத்தில் முதல் டிரம்முக்கும் இரண்டாவதற்கும் இடையே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. நேரக் கோட்டிலிருந்து முதல் இரண்டு டிரம்களுக்கு 60 அடி. மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் இலை மாதிரித் தடம் விழும். வலப்பக்கம் ஒரு திருப்பம், இடப்பக்கம் இரண்டு. அல்லது அதற்கு நேர்மாறு. டிரம்மைத் தொடலாம், விழப்போவதைக் கையால் பிடித்து நிறுத்தவும் செய்யலாம். விழுந்தால் 5 விநாடி சேரும், அத்தோடு கதை முடிந்தது. விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை மின்கண் அளக்கும் விளையாட்டில் 5 விநாடி என்பது ஒரு யுகம். மைதானம் சிறியதானால் இந்த அளவுகளைச் சுருக்கிக்கொள்வார்கள். இங்கேயும் சுருக்கம்தான்.

முதல் டிரம்முக்கு நேராக இடம் பிடித்துக்கொண்டோம். குதிரையைப் பார்க்காதே, சவாரி செய்பவரின் இடுப்பை மட்டும் பார் என்று பயிற்சியாளர் மகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. சிலருடைய இடுப்பு, டிரம்முக்கு ஒரு குதிரை நீளம் முன்பே சேணத்துக்குள் அமிழ்கிறது. குதிரையின் பின்பக்கமும் அதே நொடியில் தாழ்கிறது. சிலர் திருப்பத்துக்குள் நுழையும்போதே எழும்புகிறார்கள், மார்பு, சேணத்தின் முன்னால் கைப்பிடி மாதிரி நிற்கும் கொம்புக்கு மேல் போகிறது, குதிரை முன்னங்கால்களில் விழுந்து அகலமாகச் சுற்றுகிறது. எழும்பியவர்களில் ஒருவர் டிரம்மைச் சாய்த்தார். மகள் என் தொடையில் கிள்ளினாள். “அம்மா, நானும் இப்படித்தான் இல்ல?” ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பாப்கார்னை நீட்டினேன்.

சனி, ஸ்டீபன்வில்

377-ஆம் நெடுஞ்சாலையில் கிரான்பரி வழியாக வந்தோம். ஸ்டீபன்வில் தன்னை உலகத்தின் கௌபாய் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிற ஊர். ஆனால் ஊர் நடுவே சதுக்கத்தில் நிற்பது கௌபாய் இல்லை, கறுப்பு வெள்ளைக் கறவை மாடு. இந்த ஈராத் கவுண்டி பால் பண்ணைகளுக்குப் பேர்போனது, அந்த நன்றிக்குச் சிலை. மாட்டுக்குச் சிலை வைத்த ஊரை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

பயிற்சியாளர் அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், பேச்சு குறைவு. அவர் எதைச் சொன்னாலும் மகள் “யெஸ் மேம்” என்கிறாள். வீட்டில் இந்தப் பணிவை நான் பார்த்ததில்லை.

முதலில் எங்கள் சேணத்தைப் போட்டே செவலையை ஓட்டச் சொன்னார். அது குதிரையோடு கூட வந்த சேணம், முன்பு அவனை ஓட்டிய ஒரு பெரியவருடையது. அரை மணி நேரம் ஓடியதும் சேணத்தையும் அடியில் இருந்த பேடையும் தூக்கிவிட்டு முதுகைக் காட்டினார். எங்கும் வியர்வை ஈரம், தோள்மேட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும்பி நிற்பதைத்தான் தோள்மேடு என்கிறேன். உலர்ந்த அந்த இடத்திலேயே செவலை மயிருக்கு நடுவே சில வெள்ளை மயிர்கள். எனக்கு அது அவனுடைய பிறவி அடையாளமாகத் தெரிந்திருந்தது. இல்லையாம். ஒரே இடத்தில் நெடுநாள் அழுத்தம் விழுந்தால் மயிர்க்கால் கெட்டுப்போய் வெள்ளையாக முளைக்குமாம்.

உலர்ந்த திட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்றும் சொன்னார். அளவுக்கு மீறி அழுத்தினாலும் வியர்க்காது, சேணம் அங்கே தொடவே இல்லையென்றாலும் வியர்வைத் தடம் விழாது. எது என்று கைதான் சொல்ல வேண்டும்.

அடுத்து, பேட் இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்தார். வெஸ்டர்ன் சேணத்தின் தோலுக்குள் ட்ரீ என்ற எலும்புக்கூடு இருக்கிறது. முதுகெலும்பின் இருபுறமும் படுக்கிற இரண்டு பலகைகள், முன்னால் அவற்றை இணைக்கும் வளைவு, பின்னால் முட்டுக்கொடுக்கும் சாய்வு. மரத்தில் செய்து மேலே ஃபைபர்கிளாஸ் பூசுவார்கள், முழுக்க பிளாஸ்டிக்கிலும் வருகிறது. சேணம் பொருந்துகிறதா என்ற கேள்வியே இந்த இரண்டு பலகைகள் முதுகோடு ஒட்டுகின்றனவா என்பதுதான். தோல் வேலைப்பாடு, பூ, வெள்ளிக் குமிழ் எல்லாம் கண்ணுக்கு.

முன்பக்கத்தில் என் கையைப் பலகைக்கு அடியில் விடச் சொல்லிவிட்டுக் குதிரையை நடத்தினார். நாலடி நடப்பதற்குள் “போதும் போதும்” என்று கத்திவிட்டேன். குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு தசையால் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. கால் முன்னால் நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னால் நகர்ந்து வரும். அந்த நகர்வுக்கு இடம் விட்டு, எலும்புக்குப் பின்னால் சேணம் உட்கார வேண்டும். எங்கள் பலகைகள் குறுகலானவை. செவலையோ அகன்ற தோள்காரன். ஒவ்வொரு எட்டிலும் தோள்பட்டை போய்ப் பலகையில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நடைக்கே என் விரல் நசுங்கியது. பாய்ச்சலில் டிரம்மைச் சுற்றும்போது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

நாங்கள் போட்டிருந்த தடித்த பேடைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. பாவம் குதிரை, மெத்தென்று இருக்கட்டும் என்று எல்லோரும் செய்வதுதான். ஆனால் குறுகலான சேணத்துக்குக் கீழே தடித்த பேட் என்பது கடிக்கிற ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போடுவது. ட்ரீ பொருந்தினால் முக்கால் அங்குலம், மிஞ்சினால் ஒரு அங்குலக் கம்பளி ஃபெல்ட் போதும்.

இதுவரை குதிரையின் கதை. இனிமேல்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறுகலான ட்ரீ முதுகில் இறங்கி உட்காராது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்பக்கம் தூக்கினால் இருக்கையின் பள்ளம் பின்னால் தள்ளிப்போகும். சவாரி செய்பவர் அந்தப் பள்ளத்துக்குச் சறுக்குவார், கால் முன்னால் போகும், நாற்காலியில் சாய்ந்தாற்போல் ஆகிவிடும். குதிரை திருப்பத்திலிருந்து வெடித்துக் கிளம்பும்போது உடம்பு பின்தங்கும். பின்தங்கினால் கை தானாகக் கொம்பைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் இடுப்பு எழும்பி மார்பு உள்பக்கம் கவியும். அந்தப் பாரத்தில் குதிரையின் உள்தோள் விழும். டிரம்மும் விழும். போதாததற்கு இருக்கை பதினைந்தரை அங்குலம், மகளுக்குப் பதினான்கே தாராளம். தொடைக்கும் முன்வளைவுக்கும் இடையே ஒரு கை புகுந்து விளையாடுகிறது.

ஒரு வருடமாக “சாயாதே, சாயாதே” என்று எத்தனை பேர் அவளைத் திட்டியிருப்பார்கள், நான் உள்பட. அவள் என்ன செய்வாள், உட்கார வைத்த இடம் அப்படி. இவருக்குப் போன் செய்து கூடம் நிஜமாகவே கோணல் என்று தெரிவித்தேன். “அப்ப ஆடத் தெரியும்கறியா?” என்றார். அதை நாளைக்குப் பார்க்கலாம் என்று மகளே பதில் சொன்னாள். பேச்சு திரும்பிவிட்டது.

இரவு ஊருக்குள் பார்பிக்யூ. புகை கக்கும் அடுப்புக்கு முன்னாலேயே வரிசை, இறைச்சியை எடுத்துக்காட்டி எடை போட்டு வாங்க வேண்டும். நான் பீன்ஸும் சோளமும் எடுத்துக்கொண்டு, அறைக்கு வந்து மிச்சமிருந்த புளியோதரையைச் சாப்பிட்டேன்.

ஞாயிறு, ஸ்டீபன்வில்

இன்று முழுக்க உட்காரும் பாடம். பயிற்சியாளரிடமிருந்த ஒரு சேணம் செவலைக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. நடையிலும் சிறு ஓட்டத்திலும் மட்டும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். அதற்கு முன், கால் ஊன்றும் அங்கவடி இல்லாமல் வெறும் பேடின் மேல் அரை மணி நேரம் நடக்க விட்டார். உட்காரும் எலும்புகள் இரண்டும் சமமாக அழுந்துகின்றனவா என்று கண்ணை மூடிக் கவனிக்கச் சொன்னார். மகளுக்கு வலது எலும்புதான் எப்போதும் கனக்கிறதாம். பள்ளிப் பையைச் சுமக்கிற தோளும் அதுதான், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குள் ஓடியது, கேட்கவில்லை.

அப்புறம் பேரல் சேணம். இது கயிறு வீசுகிறவர்களின் சேணம் மாதிரி கனமாக இருக்காது. அவர்களுடைய கொம்பு குட்டையாக, தடிமனாக இருக்கும், ஏனென்றால் மாட்டின் இழுப்பைத் தாங்க வேண்டும். பேரல் சேணத்தின் கொம்பு உயரமாக, மெலிதாக, ஒரு கைப்பிடிக்கு அடங்கும். இருக்கை ஆழம், பின்சாய்வு உயரம். இருக்கைத் தோலின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும், வழுக்காமல் பிடித்துக்கொள்ள. ஓரங்கள் வட்டமாக வெட்டியிருக்கும், குட்டை முதுகுக் குதிரையின் இடுப்பில் இடிக்காமல் இருக்க. அங்கவடி தொங்கும் வார்கள் முன்னும் பின்னும் தாராளமாக ஆடும்.

அங்கவடி எவ்வளவு நீளம் என்பதற்குச் சண்டையே நடக்கும் போலிருக்கிறது, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பயிற்சியாளர் வழி எளிது. அங்கவடியில் எழுந்து நின்றால் இருக்கைக்கு மேல் ஒரு முஷ்டி இடைவெளி வேண்டும். நீளமாக இருந்தால் கால்விரல் அங்கவடியைத் தேடும், முழங்கால் இறுக்கிப் பிடிக்கும். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு எட்டும் ஆளை மேலே தூக்கிப் போடும். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரு நேர்கோட்டில் வர வேண்டும். குதிரையை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் உருவிவிட்டால் ஆள் நின்றபடி தரையில் இறங்க வேண்டும், பின்பக்கமாக விழக் கூடாது.

மதியம் முதல் டிரம். நேர் ஓட்டத்தில் இரண்டு கையும் கடிவாள வாரில், உடம்பு சற்று முன்னால். டிரம் நெருங்கும்போது ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் உட்கார் என்பது இங்குள்ளவர்கள் எல்லோரும் சொல்கிற மந்திரம். உட்கார்ந்ததும் வேகம் மட்டுப்பட வேண்டும் என்று குதிரைக்குப் பழக்கியிருப்பார்கள், கடிவாளத்தை இழுக்கத் தேவையிருக்காது. இதை ரேட் என்கிறார்கள். உட்கார்ந்த பிறகுதான் வெளிக்கை வாரை விட்டுக் கொம்புக்குப் போகும். வலப்பக்கத் திருப்பம் என்றால் வலக்கை வாரில், இடக்கை கொம்பில். அடுத்த டிரம்முக்குப் போகும் வழியில் கை மாற வேண்டும், அதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று பாய்ச்சல்.

கொம்பைப் பிடிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொட்டகையில் மரத்தாங்கியில் ஒரு சேணம் கிடந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். கொம்பை இழுத்தேன், என் பின்பக்கம் இருக்கையை விட்டு எழும்பியது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன், இடுப்பு இறங்கி ஆழத்தில் பதிந்தது. உங்கள் வீட்டு மேசை விளிம்பில் செய்து பார்த்தாலும் தெரியும். குதிரை நூற்றெண்பது பாகைக்கு மேல் சுழலும்போது ஆளை உள்ளே வைத்திருப்பது அந்தத் தள்ளல்தான்.

டிரம்மைச் சுற்றிப் போக விடும் இடைவெளியைப் பாக்கெட் என்பார்கள். நுழையும்போது சில அடி விட்டு, வெளியேறும்போது ஒட்டி வர வேண்டும். தன் கால் டிரம்மைத் தாண்டும் வரை திருப்பாதே என்பது மகளுக்குக் கிடைத்த கட்டளை. அவளுக்குப் பதற்றம், குதிரையின் மூக்கு டிரம்முக்கு வந்ததுமே திருப்பிவிடுகிறாள், முழங்கால் இடிக்கிறது. இன்னொன்று கண். டிரம்மைப் பார்த்தால் தலை கவிழும், தலை கவிழ்ந்தால் தோள் போகும். போகப்போகிற தரையைப் பார்க்க வேண்டும், பாதித் திருப்பம் தாண்டியதும் அடுத்த டிரம்மின் பாக்கெட்டைத் தேட வேண்டும். இது சேணத்தின் தப்பில்லை என்று மகளே ஒப்புக்கொண்டாள். இவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் வேலியோரம் உட்கார்ந்து பயிற்சியாளர் ஒரு கதை சொன்னார். இந்த வட்டாரத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. சார்மெய்ன் ஜேம்ஸ், நியூ மெக்சிகோவின் கிளேட்டன் என்ற சிற்றூர்ப் பெண், 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலக சாம்பியன். அந்தப் பத்தும் ஸ்கேம்ப்பர் என்ற குதிரையோடு. 1985-இல் லாஸ் வேகஸில் தேசிய இறுதிப்போட்டி, ஏழாவது சுற்று. ஓட்டம் தொடங்கும்போதே ஸ்கேம்ப்பரின் கடிவாளம் தலையிலிருந்து கழன்றுவிட்டது. குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது, திருப்பப் பிடிமானம் எதுவும் இல்லை. மூன்று டிரம்மையும் சுற்றி வந்து அந்தச் சுற்றையே ஜெயித்தார்கள். குதிரையின் கெட்டிக்காரத்தனம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஓட்டத்தின் படத்தில் சார்மெய்ன் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள் என்றார் பயிற்சியாளர். கடிவாளமே இல்லாதபோது குதிரைக்கு வழி சொல்ல மிச்சமிருப்பது இடுப்பும் காலும்தானே.

திங்கள், சான் ஆஞ்செலோ

சேணத்துக்காக மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான கார்ப் பயணம். 67-ஆம் நெடுஞ்சாலை, டப்ளின், கமாஞ்ச்சி, பிரௌன்வுட், பாலிஞ்சர். பிரௌன்வுட் தாண்டியதும் இருமருங்கும் மெஸ்கிட் மரங்கள். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. ராமநாதபுரத்துக்காரிக்கு அந்தக் காட்சி பெரிய மகிழ்ச்சி தராது. இங்கேயும் மேய்ச்சல் நிலத்தைத் தின்கிறது என்று பண்ணைக்காரர்கள் சபிக்கிறார்கள், அப்புறம் அதன் விறகில் இறைச்சியை வாட்டிவிட்டு ஆகா என்கிறார்கள்.

கார் டிக்கியில் செவலையின் முதுகு இருக்கிறது, அட்டையில். நேற்று மாலை வளையும் ஸ்கேல் ஒன்றை அவன் முதுகின் குறுக்கே மூன்று இடங்களில் அழுத்தி, வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுத்தார் பயிற்சியாளர். தோள்பட்டைக்குப் பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி விலா எலும்புக்கு முன் ஒன்று. சேணத்தின் எடை விலா எலும்புகள் தாங்கும் பகுதிக்குள் நின்றுவிட வேண்டும், அதற்குப் பின்னாலுள்ள இடுப்புப் பகுதிக்கு அந்தத் தாங்கல் இல்லை. கடைக்காரர் சொல்லும் அளவை நம்ப வேண்டாம், அட்டையை நம்புங்கள் என்று சொல்லி அனுப்பினார். செமி குவார்ட்டர் ஹார்ஸ் பார், ஃபுல் குவார்ட்டர் ஹார்ஸ் பார் என்று ட்ரீயின் அகலத்துக்குப் பெயர்கள் உண்டு. முதலாவது ஆறரை அங்குலம், இரண்டாவது ஏழு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எங்கே வைத்து அளப்பது, பலகையின் சரிவு எவ்வளவு என்பதற்கெல்லாம் பொதுவிதி கிடையாது. ஒரு கம்பெனியின் ஏழும் இன்னொன்றின் ஏழும் வேறு வேறு.

விற்கிறவர் வீட்டுக் கொட்டகையில் மூன்று பேரல் சேணங்கள் வைத்திருந்தார். முதலாவது கொள்ளை அழகு, டர்க்காய்ஸ் நிறக் கல் பதித்தது. மகள் அதை விட்டு நகரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து அட்டையை வைத்தோம். முன்னும் பின்னும் தொட்டது, நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. பாலம் மாதிரி நிற்பதால் இதற்குப் பிரிட்ஜிங் என்று பெயர், பாரமெல்லாம் நாலு மூலையில் இறங்கிவிடும். இரண்டாவது ஆடும் நாற்காலி மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லை, பழுப்புத் தோல், கீறல்கள், பதினான்கு அங்குல இருக்கை. மூன்று அட்டையும் உட்கார்ந்தன. விலை 1,100 டாலர் சொன்னார். புதிதாகத் தரமானது வாங்கினால் 3,000 தாண்டும். கொம்பையும் பின்சாய்வையும் பிடித்து அழுத்தி ட்ரீ உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன், நெகிழவில்லை. வார் கட்டும் வளையங்களின் தையல் உறுதியாக இருந்தது. 1,000-க்கு முடித்தோம். கல் வைத்ததை மகள் போன் கேமராவில் எடுத்துக்கொண்டாள்.

இந்த ஊருக்கு வந்து இதைச் சொல்லாமல் போகக் கூடாது. 1930-களில் ஸ்டாம்ஃபோர்டு போன்ற ஊர்களின் ரோடியோவில் பெண்களைக் கூட்டத்துக்கு அழகு சேர்க்க அழைப்பார்கள். குதிரையோட்டத்தோடு உடைக்கும் சேர்த்து மார்க். அதில் வெறுத்துப்போன 38 பெண்கள் 1948-இல் இதே சான் ஆஞ்செலோவில் ஒரு ஹோட்டலில் கூடி, தங்களுக்கென்று கேர்ள்ஸ் ரோடியோ அசோசியேஷனைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் மார்கரெட் ஓவன்ஸ். தேசிய இறுதிப்போட்டியில் பேரல் ரேசிங் இடம்பிடிக்க 1967 ஆயிற்று. 1981-இல் சங்கத்தின் பெயர் விமன்ஸ் புரொஃபஷனல் ரோடியோ அசோசியேஷன் ஆனது. அழகுக்கு மார்க் போட்டிருந்த காலம் என்றால் டர்க்காய்ஸ் சேணம்தான் வாங்கியிருக்க வேண்டும் என்றாள் மகள்.

செவ்வாய், மறுபடி ஸ்டீபன்வில்

புதுச் சேணத்தைச் செவலை மேல் வைத்தோம். அட்டை பொய் சொல்லவில்லை. தோள்மேட்டுக்கு மேல் இரண்டு விரல் புகுகிறது, கை நசுங்கவில்லை, முன்பக்கம் தூக்கவில்லை. இடப்பக்கத் தோள் வலதைவிடக் கொஞ்சம் பெரியது என்பதை மட்டும் பயிற்சியாளர் காட்டினார். வலப்பக்கத்தில் பேடுக்குள் ஒரு மெல்லிய ஃபெல்ட் துண்டைச் செருகிச் சமன் செய்தார். வயிற்று வாரை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் இறுக்கி, நாலடி நடத்தி, மறுபடி இறுக்க வேண்டும். மார்புவார், பாய்ச்சலில் சேணம் பின்னால் வழுக்காமல் இருக்க.

பகலெல்லாம் மழை. மூடிய கொட்டகைக்குள் மெதுவாக ஓட்டம் மட்டும். சொல்வதற்கு வேறொன்றுமில்லை, மகள் திருப்பத்தில் உட்கார்ந்தே இருந்தாள் என்பதைத் தவிர. யாரும் “சாயாதே” என்று கத்தவில்லை.

புதன், ஜாக்பாட் இரவு

பக்கத்து மைதானத்தில் வாரநாள் ஜாக்பாட். நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்துப் பரிசாகப் பிரிப்பார்கள். ஆறு வயதுக் குழந்தையும் தொழில்முறை ஆளும் ஒரே வரிசையில். நாலு பிரிவு முறை வைத்திருப்பதால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆசை வருகிறது. அன்றைய மிக வேகமான நேரம் முதல் பிரிவு, அதிலிருந்து அரை விநாடி தள்ளி இரண்டாவது, ஒரு விநாடி தள்ளி மூன்றாவது, இரண்டு விநாடி தள்ளி நாலாவது. பத்துப் பேர் ஓடியதும் டிராக்டர் வந்து மண்ணைக் கிளறிவிடும். டிராக்டருக்குப் பின் முதல் ஆளாக வரிசை விழுந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். எங்களுக்கு எட்டாவது, டிரம்களைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

பல பெண்கள் பூட்ஸை அங்கவடியோடு சேர்த்து ஒரு பெரிய ரப்பர் பேண்டு மாட்டிக்கொள்கிறார்கள், கால் நழுவாமல் இருக்க. விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளுமே என்று எனக்கு வயிறு கலங்கியது. அறுந்துவிடும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. தொப்பிக்குப் பதில் ஹெல்மெட் என்பதிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் டிரம்மில் இடுப்பு இறங்கியதைப் பார்த்தேன். செவலை தோளை நீட்டி ஒட்டித் திரும்பினான், இதுவரை அவனிடம் நான் பார்க்காத திருப்பம். இரண்டாவது அகலம், கை மாற்ற நேரமாகிவிட்டது. மூன்றாவதில் கண் டிரம்முக்குப் போனது, முழங்கால் உரசியது, டிரம் ஆடியது, அவள் உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினாள். விழவில்லை. 19.41.

அன்றைய வேகம் 17.32. அப்படியானால் நாலாவது பிரிவு 19.32-இல் தொடங்குகிறது, அதில் அவளுக்கு மூன்றாவது இடம். பணம் முதல் இரண்டு பேருக்கு மட்டும். இந்த முறையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகமாக 19.32 ஓடியிருந்தால் பிரிவையே ஜெயித்திருப்பாள், 19.31 ஓடியிருந்தால் மூன்றாவது பிரிவின் வாலில் போய்க் காசில்லாமல் நின்றிருப்பாள்.

சேணத்தைக் கழற்றி முதுகைப் பார்த்தோம். ஈரம் ஒரே சீராக இருந்தது, வலப்பக்கச் செருகல் மட்டும் ஒரு விரல் பின்னால் நகர்ந்திருந்தது. பயிற்சியாளர் அதைத் தைத்துவிடச் சொன்னார். தோள் விடுதலையானதால் அங்கே தசை போடும், ஆறு வாரம் கழித்து மறுபடி அட்டை வெட்டிப் பார்க்க வேண்டும், இதே சேணம் அப்போதும் பொருந்தும் என்று எழுதித் தர மாட்டேன் என்றார். பழைய சேணத்தைக் குதிரையின் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், குறுகலான குதிரைக்கு அது நல்ல சேணம்தான்.

வீடியோவை இவருக்கு அனுப்பினேன். “மூணாவதுல ஏன் கீழ பாக்கறா?” என்று பதில் வந்தது. மகள் அதைப் படித்துவிட்டு, சனிக்கிழமை வேறொரு ஜாக்பாட் இருக்கிறதாம், இன்று இரவுக்குள் பெயர் கொடுத்தால் பத்து டாலர் குறையுமாம் என்கிறாள். கார்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.